நாத்தனாரும் நாலு நோ-டிரம்பும்

போன இதழில் பிரிட்ஜ் ஆட்டத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். குடும்பப் பத்திரிகையில் சீட்டுக்கட்டு எதற்கு என்று கோபித்து எழுதியவர்கள் இரண்டு பேர். மற்றக் கடிதங்கள் எல்லாம் சந்தேகம். அதிலும் முக்கால்வாசி ஏலத்தைப் பற்றியும், எதிரே உட்காரும் பார்ட்னரைப் பற்றியும்தான். நான் கோயம்புத்தூரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பத்தொரு வருஷமாக என் பார்ட்னர் என் நாத்தனார். இந்த இரண்டு தகுதியை வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

இருபத்தெட்டு, 304 என்ற சீட்டாட்டங்களை நன்றாக ஆடுவேன். பிரிட்ஜிலும் ஏலம்தானே, புதிதாக என்ன இருக்கிறது?
— பொள்ளாச்சி வாசகர்

ஏலம்தான். ஆனால் உங்கள் ஆட்டத்தில் ஏலம் கேட்டவர் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார். பிரிட்ஜில் மனசையே மல்லாத்தி வைக்க வேண்டும்.

இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என்று எண்ணி, "இருபது", "இருபத்தொன்று" என்று எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டு போகிறோம். பார்ட்னருக்கு நாம் சொல்வது ஒரே செய்தி: "என்னிடம் சரக்கு இருக்கிறது." எந்தச் சரக்கு என்று அவர் தானாக ஊகிக்க வேண்டும். பிரிட்ஜில் ஏலமே ஒரு பேச்சு. அதற்கு மொத்தம் 15 சொற்கள்: ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள் ஏழு, கிளாவர், டைமண்ட், ஹார்ட்டின், ஸ்பேடு, நோ-டிரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்) ஆக ஐந்து, பாஸ், டபுள், ரீடபுள் மூன்று. ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுகள் 63,501 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் அமையலாம். அத்தனையையும் இந்தப் பதினைந்து சொல்லுக்குள் அடக்கிப் பேச வேண்டும். திருக்குறள்கூட இவ்வளவு சுருக்கம் இல்லை!

கணக்கு இதுதான். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. கட்டு முழுவதும் 40 பாயிண்ட். நீங்களும் பார்ட்னரும் சேர்ந்து 25, 26 வைத்திருந்தால் 'கேம்', அதாவது பெரிய பரிசுப் புள்ளி தரும் ஏலம், கேட்கலாம். கேட்கும் எண்ணோடு ஆறைக் கூட்டினால் அத்தனை டிரிக், அதாவது சீட்டுச் சுற்று, ஜெயிக்க வேண்டும். நோ-டிரம்பில் 3, அதாவது 9 டிரிக். ஹார்ட்டின், ஸ்பேடில் 4, அதாவது 10 டிரிக். கிளாவர், டைமண்டில் 5, அதாவது 11 டிரிக். 33 பாயிண்ட் இருந்தால் 12 டிரிக் எடுக்கும் 'ஸ்லாம்' பற்றி யோசிக்கலாம்.

'எதற்கு இவ்வளவு பேச்சு, ஆடி எடுத்துவிட்டால் போச்சு' என்று தோன்றும். பழைய பிரிட்ஜ் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. கேட்டது கொஞ்சம், எடுத்தது நிறைய என்றாலும் எல்லாம் கேமுக்குக் கணக்கில் ஏறிவிடும். 1925-ல் ஹெரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கப் பணக்காரர், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானா போகும் கப்பலில் உட்கார்ந்து கணக்கு விதிகளை மாற்றினார். கேட்ட அளவுக்குத்தான் கேமுக்குக் கணக்கு. மேலே எடுத்ததற்குச் சில்லறைதான். அன்றைக்கே ஆட்டத்தின் பாதி ஏலத்துக்குப் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் யூடியூப் பார்த்து இருபது 'கன்வென்ஷன்' கற்றுக்கொண்டு, எல்லாவற்றையும் என்னையும் படிக்கச் சொல்லி உயிரை வாங்குகிறார். எத்தனை தெரிந்தால் போதும்?
— ஈரோடு வாசகி

நாலு. அதுவும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தெரிந்த நாலு. அவருக்கு இருபது தெரிந்து உங்களுக்குப் பன்னிரண்டு தெரிந்தால், மேஜையில் அந்த எட்டு உங்களை அடிக்கும்.

கன்வென்ஷன் என்பது ஒரு சொல்லை அடகு வைப்பது. நகையை வைத்துப் பணம் வாங்குகிறோம். மீட்கிற வரை அந்த நகையைப் போட்டுக்கொள்ள முடியாது. இதுவும் அப்படியே. ஒரு சொல்லின் இயல்பான அர்த்தத்தைக் கொடுத்துவிட்டு, வேறு வேலைக்கு அதை வாங்கிக்கொள்கிறோம்.

ஸ்டேமன் என்று ஒன்று சொல்லியிருப்பாரே, அதையே பாருங்கள். பார்ட்னர் 1 நோ-டிரம்ப் கேட்கிறார். அவரிடம் 15-லிருந்து 17 பாயிண்ட், சமமாகப் பரவிய கை. உங்களிடம் ஸ்பேடில் ராஜா, ஜாக்கி, ஏழு, மூன்று. ஹார்ட்டினில் ராணி, ஒன்பது, ஆறு, இரண்டு. டைமண்டில் ஏஸ், ஐந்து. கிளாவரில் எட்டு, நாலு, மூன்று. மொத்தம் 10 பாயிண்ட். கேம் உண்டு, சந்தேகமில்லை. எங்கே என்பதுதான் கேள்வி. அவரிடமும் நாலு ஸ்பேடோ நாலு ஹார்ட்டினோ இருந்தால் அதைத் துருப்பாக்கிக்கொள்வது நல்லது. இல்லையென்றால் 3 நோ-டிரம்ப். இதைக் கேட்பதற்கு நீங்கள் "2 கிளாவர்" என்கிறீர்கள். உங்கள் கையில் கிளாவர் இருப்பதாக அதற்கு அர்த்தமில்லை. "பெரிய ரங்கு இரண்டில் (ஸ்பேடு, ஹார்ட்டின்) ஏதாவது நாலு சீட்டு இருக்கா?" என்று கேட்கிறீர்கள். இருந்தால் 2 ஹார்ட்டின் அல்லது 2 ஸ்பேடு என்பார். இல்லையென்றால் 2 டைமண்ட். நிஜமாகவே 2 கிளாவரில் நின்று ஆடவேண்டிய கை எப்போதோ ஒருமுறைதான் வரும். அந்தச் சொல்லை அடகு வைத்ததில் நஷ்டமில்லை.

ஒரு இடைச்செருகல். இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் ராபீ. 1945-ல் பத்திரிகையில் எழுதியவர் அவருடைய பார்ட்னர் சாம் ஸ்டேமன். பெயர் எழுதியவருக்குப் போய்விட்டது. ராபீ இடத்தில் என் நாத்தனார் இருந்திருந்தால் தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு அதைச் சொல்லிக்காட்டியிருப்பாள்.

இரண்டாவது, டிரான்ஸ்ஃபர். பார்ட்னர் 1 நோ-டிரம்ப் சொன்னபின் நீங்கள் 2 டைமண்ட் என்றால் "என்னிடம் ஹார்ட்டின் ஐந்து, நீங்களே 2 ஹார்ட்டின் சொல்லுங்கள்" என்று அர்த்தம். 2 ஹார்ட்டின் என்றால் ஸ்பேடு ஐந்து. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி இந்த வீட்டுக்காரரைக் கூப்பிடுவது போல. ஏன் இந்தச் சுற்று என்றால், பாயிண்ட் நிறைய உள்ள கை கவிழ்ந்தே இருக்கும், பலமில்லாத கை டம்மியாக, அதாவது ஆடுபவருடைய பார்ட்னரின் திறந்த கையாக, மேஜையில் விரியும். எதிராளி முதல் சீட்டைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பலமான கையை நோக்கி இறக்க வேண்டிவரும்.

இதில்தான் நாங்கள் முதல் அடி வாங்கினோம். கற்றுக்கொண்ட இரண்டாம் வாரம், நாத்தனார் 1 நோ-டிரம்ப் சொன்னாள். நான் 2 டைமண்ட். அவள் சாவகாசமாக "பாஸ்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். என்னிடம் டைமண்ட் ஒன்றே ஒன்று. டைமண்டை முதலில் சொன்னவள் என்பதால் ஆட வேண்டியவளும் நான்தான். துருப்பாகிவிட்ட அந்த ஒற்றை டைமண்டை நான் இறக்கியபோது அவள் முகம் போன போக்கு இருக்கிறதே! அன்றைக்கு ராத்திரி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். எங்களுக்குள் பேசிவைத்த எல்லாம் அதில் அவள் கையெழுத்தில் இருக்கும். அவளே எழுத வேண்டும் என்பது என் நிபந்தனை. எழுதிய கை மறக்காது என்று வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகியவள் நான்.

மூன்றாவது ஏஸ் கேட்பது, நாலாவது டபுள். இரண்டுக்கும் கீழே தனித்தனியாகக் கேள்வி வந்திருக்கிறது. இந்த நாலையும் ஆறு மாதம் தப்பில்லாமல் ஆடிவிட்டு ஐந்தாவதை அவர் சொல்லட்டும். அதுவரை யூடியூபை அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.

4 நோ-டிரம்ப் என்றால் 'எத்தனை ஏஸ் இருக்கிறது' என்று கேட்பதுதானே? என் பார்ட்னர் எப்போதும் அப்படி இல்லை என்கிறார். யார் சரி?
— திண்டுக்கல் வாசகர்

நீங்களும் சரி, அவரும் சரி. அதுதான் ஆபத்து.

நீங்கள் சொல்வது பிளாக்வுட். இண்டியானாபோலிஸைச் சேர்ந்த ஈஸ்லி பிளாக்வுட் 1933-ல் இதை யோசித்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். அவர்கள் போடவில்லை. ஆனாலும் வாய்வழியாகவே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 4 நோ-டிரம்ப் கேட்டால் பதில்: 5 கிளாவர் என்றால் ஏஸே இல்லை, அல்லது நாலும் இருக்கிறது, 5 டைமண்ட் ஒன்று, 5 ஹார்ட்டின் இரண்டு, 5 ஸ்பேடு மூன்று. துருப்பு முடிவாகி, ஸ்லாமுக்குப் போகலாமா என்று கதவருகில் நிற்கும்போது கேட்கிற கேள்வி இது. இப்போது பலரும் துருப்பு ராஜாவையும் ஐந்தாவது ஏஸாக எண்ணும் புது முறைக்குப் போய்விட்டார்கள்.

இனி எங்கள் கதை. ஈரோட்டில் ஒரு போட்டி. நாத்தனார் 1 நோ-டிரம்ப் சொல்கிறாள். என்னிடம் 16 பாயிண்ட், நீளமான ரங்கு ஏதுமில்லை. அவளிடம் 17 இருந்தால் சேர்ந்து 33, ஸ்லாம். 15 என்றால் 31, போதாது. ஆகவே "4 நோ-டிரம்ப்" என்றேன். என் மனசில் அது அழைப்பு: 'மேல்கணக்கு இருந்தால் ஆறுக்கு வா, கீழ்க்கணக்கு என்றால் இங்கேயே நில்.' நோ-டிரம்புக்கு நேர் மேலே நோ-டிரம்பை ஏற்றினால் அதற்கு அதுதான் பொருள் என்று நான் எங்கேயோ படித்திருந்தேன். படித்தது நான் மட்டும்தான்!

எங்கள் நோட்டில் இருந்தது ஒரே வரி: "4 நோ-டிரம்ப் = ஏஸ் கேள்வி." அவள் அதன்படி கையைப் பார்த்தாள், இரண்டு ஏஸ், "5 ஹார்ட்டின்" என்றாள். நான் அதை 'வருகிறேன், எனக்கு ஹார்ட்டினும் நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு 6 நோ-டிரம்புக்குப் போனேன். அவளிடம் 15. எதிராளிகளிடம் ஒரு ஏஸ், ஒரு ராஜா, ஒரு ராணி. ஏஸும் ராஜாவும் தங்கள் டிரிக்கை எடுத்துக்கொண்டன. பதினோரு டிரிக், ஒன்று குறைவு. நாலிலேயே அவள் நின்றிருந்தால் கேட்டதற்கு மேல் ஒன்று கூடுதலாக வந்திருக்கும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். பெருந்துறை தாண்டியது, பேச்சில்லை. அவிநாசியில் வண்டி நின்றபோது கடலைப் பொட்டலம் ஒன்றை என் மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்கண்ணி, நீங்க கேட்டது கேள்விங்களா, அழைப்புங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் தப்பு அவளுடையது என்று பெருந்துறையிலிருந்து மனசுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்தவள் நான். அவள் எழுதி வைத்ததை ஆடினாள். நான் எழுதாததை ஆடினேன். பார்ட்னருக்குத் தெரியாத கன்வென்ஷன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது வெறும் புலம்பல். மறுநாள் நோட்டில் ஒரு வரி கூடியது: "1 அல்லது 2 நோ-டிரம்புக்கு நேர் மேலே 4 நோ-டிரம்ப் = அழைப்பு. மற்ற இடத்தில் ஏஸ்." நீங்களும் உங்கள் பார்ட்னரும் இதையே எழுதிக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறாக எழுதிக்கொண்டாலும் குடி முழுகாது, இரண்டு பேரும் அதையே ஆடினால்.

பிரிட்ஜ் ஆடும்போது புருஷனைப் பெண்டாட்டி சுட்டுக் கொன்றாளாமே, நிஜமா? நானும் என் கணவரும் ஜோடியாக ஆட நினைக்கிறோம்.
— மதுரை வாசகி

நிஜம். 1929 செப்டம்பர் 29, அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி. ஜான் பென்னட், அவர் மனைவி மிர்ட்டில் ஒரு ஜோடி. அதே கட்டடத்தில் குடியிருந்த தம்பதி எதிர் ஜோடி. அவர் 1 ஸ்பேடு என்று தொடங்கினார், மனைவி நாலுக்கு ஏற்றினாள், அவரால் எடுக்க முடியவில்லை. வாய்ச்சண்டை, பிறகு அவர் கை நீட்டினார், அவள் துப்பாக்கி எடுத்தாள். 1931-ல் நீதிமன்றம் அவளை விடுதலை செய்தது. அந்தக் கையில் இருந்த சீட்டுகள் என்று பிற்காலத்தில் அச்சில் வந்த விவரத்தை நம்பாதீர்கள். சுட்ட சத்தத்துக்குப் பிறகு எட்டாம் நம்பர் கிளாவர் யாரிடம் இருந்தது என்று எவர் ஞாபகம் வைத்திருப்பார்?

எனக்கு இந்தக் கதையில் வேறொன்று உறுத்தும். அவர் தொடக்கத்தில் சொன்ன 1 ஸ்பேடுக்கு எத்தனை பாயிண்ட் வேண்டும் என்று அந்த இரண்டு பேரும் எப்போதாவது உட்கார்ந்து பேசியிருப்பார்களா?

நீங்கள் ஜோடியாக ஆடலாம். ஒரே விதி: மேஜையில் வைத்துத் தப்பைப் பேசாதீர்கள், வீட்டுக்குப் போய் நோட்டை வைத்துக்கொண்டு பேசுங்கள். நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு மாதம் முயன்றோம். கடைசியில் அவரே "எந்தங்கச்சியக் கூட்டிட்டுப் போ" என்றார். அப்படித்தான் நாத்தனார் வந்தாள்.

என் பார்ட்னர் நெடுநேரம் யோசித்துப் 'பாஸ்' சொன்னால் அவரிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. அதை வைத்து நான் மேலே கேட்டால் அதுவும் புரிதல்தானே? தப்பா?
— தஞ்சாவூர் வாசகர்

தப்பு. புரிதல் என்ற பெயரை அதற்கு வைக்காதீர்கள்.

உங்கள் பார்ட்னரிடமிருந்து உங்களுக்கு வரவேண்டியது அந்தப் பதினைந்து சொற்களும், அவர் இறக்கும் சீட்டும் மட்டுமே. குரலின் ஏற்ற இறக்கம், பெருமூச்சு, தயங்கும் நேரம், புருவம் எல்லாம் தெருவில் கிடக்கும் பர்ஸ் மாதிரி. கண்ணில் பட்டுவிட்டது, அதில் உங்கள் குற்றமில்லை. எடுத்துச் செலவு செய்தால் குற்றம். விதிநூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பார்ட்னர் தயங்கிவிட்டால், அந்தத் தயக்கம் உங்களுக்கு எந்தப் பக்கம் கைகாட்டுகிறதோ அந்தப் பக்கம் போகாமல் இருக்க நீங்கள் கவனமாக முயல வேண்டும். கையிலுள்ள சீட்டே வேறு வழியில்லை என்று சொன்னால் ஒழிய.

அதேபோல ரகசிய உடன்பாடும் கூடாது. நீங்களும் பார்ட்னரும் பேசிவைத்த ஒவ்வொன்றையும் எதிராளி தெரிந்துகொள்ளலாம். போட்டியில் ஒவ்வொரு ஜோடியும் தங்கள் முறைகளை எழுதிய அட்டையை மேஜையில் வைக்க வேண்டும். விசேஷ அர்த்தமுள்ள ஏலத்தைப் பார்ட்னர் சொன்னால் நீங்கள் 'அலர்ட்' என்று எச்சரிக்க வேண்டும். எதிராளி விளக்கம் கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். பொய் சொல்லும் ஏலம்கூடச் செல்லும், அது உங்கள் பார்ட்னரையும் சேர்த்து ஏமாற்றுகிறது என்றால். அவருக்கு மட்டும் தெரிந்த பொய் என்றால் அது திருட்டு.

குரலைத் தடுக்கத்தான் ஸ்வீடனில் 1960-களில் ஏலப் பெட்டி வந்தது. வாயைத் திறக்காமல் அட்டையை எடுத்து வைத்தால் போதும். 1965-ல் புவனோஸ் அயர்ஸ் உலகப் போட்டியில் டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷாபிரோ என்ற பிரிட்டிஷ் ஜோடி, சீட்டைப் பிடிக்கும் விரல்களால் ஹார்ட்டின் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டதாகக் குற்றச்சாட்டு. உலகச் சம்மேளனம் குற்றவாளி என்றது. பிரிட்டனில் நடந்த விசாரணை இல்லை என்றது. 1975-ல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் பார்ட்னர்கள் முகம் பார்க்க முடியாதபடி மேஜைக்குக் குறுக்கே முதன்முறையாகத் திரை கட்டினார்கள். அந்தப் போட்டியிலேயே மேஜைக்கு அடியில் காலால் பேசினார்கள் என்று ஒரு புகார் வெடித்தது. பிறகு அடியிலும் அடைத்தார்கள். மனுஷ புத்தி!

பெரிய மனிதர்களைச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டை மறைப்பது நியாயமில்லை. நாத்தனாருக்கு நல்ல கை வந்தால் வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொள்வாள். அவளுக்கே தெரியாது. நான் கவனிக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. கவனித்த பிறகு என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. நான் பாஸ் சொல்லவேண்டிய இடத்தில் கையில் தெம்பு வந்தது. ஒரு நாள் நல்ல ஏலம் ஒன்று கேட்டு ஜெயித்துவிட்டு, அது சீட்டால் வந்ததா வளையலால் வந்ததா என்று எனக்கே தெரியாமல் போயிற்று. அன்றைக்குச் சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு முகம் சிவந்தது. "அப்ப இத்தன நாளா என்ர கையப் பாத்துட்டாங்கண்ணி ஆடுனீங்க?" என்றாள். அடுத்த வாரம் முதல் ஆட்டத்துக்கு வரும்போது எட்டு வளையலும் கழற்றி, ஒரே ஒரு கெட்டி வளையல். அது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

அதன் பிறகு நாலைந்து மாதம் நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம்.

'டபுள்' எப்போது அடி, எப்போது கேள்வி? குழப்பமாக இருக்கிறது.
— நாகர்கோவில் வாசகர்

சுருக்கமாகச் சொல்கிறேன். எதிராளி முதலில் 1 ஹார்ட்டின் போலச் சின்னதாகக் கேட்டு, உங்கள் பார்ட்னர் இன்னும் வாயே திறக்கவில்லை என்றால், உங்கள் டபுள் ஒரு வேண்டுகோள்: "எனக்குத் தொடங்கும் பலம் இருக்கிறது, மற்ற மூன்று ரங்கும் தாங்கும், உங்களுக்கு நீளமானதைச் சொல்லுங்கள்." எதிராளி கேம் வரைக்கும் போன பிறகு சொல்லும் டபுள் பெரும்பாலும் அடி: "இவர்களால் முடியாது, அபராதத்தை ஏற்று." இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று உண்டு. நீங்கள் தொடங்கி, எதிராளி குறுக்கே கேட்டு, பார்ட்னர் டபுள் சொன்னால் சொல்லாத பெரிய ரங்கு தன்னிடம் இருக்கிறது என்று இன்றைக்குப் பலரும் ஆடுகிறார்கள். 1957-ல் ஆல்வின் ராத் இதைப் பரப்பியபோது ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவிய சமயம், அதனால் 'ஸ்புட்னிக் டபுள்' என்றே பெயர். எந்த உயரம் வரைக்கும் இந்த அர்த்தம் என்று பார்ட்னரோடு பேசி ஒரு கோடு போட்டுவிடுங்கள். எங்கள் நோட்டில் அந்தக் கோடு 2 ஸ்பேடு.

கம்ப்யூட்டரோடு ஆடிப் பழகினால் ஏலம் கைவந்துவிடுமா?
— சென்னை வாசகர்

கணக்கு வரும். பாரிஸில் 2022 மார்ச் மாதம் 'நூக்' என்ற பிரெஞ்சு நிரல் எட்டு உலகச் சாம்பியன்களை விஞ்சியது. பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அந்தப் போட்டியில் ஏலமே கிடையாது. எல்லாக் கையிலும் 3 நோ-டிரம்ப் என்று முன்கூட்டியே வைத்து, சீட்டாடும் பகுதியை மட்டும் ஒப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் பார்ட்னர் எதையும் மறக்காது, நீங்கள் ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று பஸ்ஸில் கேட்கவும் கேட்காது. தனியாகப் பழக அது போதும். ஜோடிக்கு ஒரு ஆள் தேடுங்கள்.

எனக்கு 63 வயது. இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா?
— கும்பகோணம் வாசகர்

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்கள் கொல்கத்தாவின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் தே சர்க்காரும். அவர்களுக்கு அப்போது வயது 60, 56. உங்களுக்கு மூன்று வருஷம்தான் தாமதம். திங்கட்கிழமை தொடங்குங்கள்.

எனக்கு நல்ல சீட்டே வருவதில்லை. பூஜ்யம் பாயிண்டை வைத்துக்கொண்டு ஏலத்தில் என்ன பேசுவது?
— கரூர் வாசகி

ஒன்பதுக்கு மேல் ஒரு சீட்டுகூட இல்லாத கைக்கு 'யார்பரோ' என்று பெயர். அந்தப் பெயருள்ள ஆங்கிலேயப் பிரபு ஒருவர், அப்படி ஒரு கை வராது என்று ஒன்றுக்கு ஆயிரம் பந்தயம் கட்டுவாராம். நிஜக் கணக்கு ஒன்றுக்கு 1,827. பிரபு கணக்குத் தெரிந்தவர். ஆக, உங்களுக்கு மட்டும் அது வாராவாரம் வருகிறது என்பதை நான் நம்பமாட்டேன்.

ஆனால் வரும்போது பேச ஒன்று உண்டு. போன மாதம் நான் 16 பாயிண்டோடு 1 நோ-டிரம்ப் சொன்னேன். நாத்தனார் கையில் ஒரு படம்கூட இல்லை. ஸ்பேடு மட்டும் ஐந்து, பெரியது ஒன்பது. பூஜ்யத்துக்குப் பாஸ்தானே என்று பலரும் விட்டுவிடுவார்கள். நான் நோ-டிரம்பில் தனியாகத் தவித்திருப்பேன். டம்மிக்குப் போக ஒரு வழியிருக்காது, நாலு டிரிக்கோடு மூன்று குறைந்திருக்கும். அவள் பெட்டியிலிருந்து 2 ஹார்ட்டின் அட்டையை எடுத்து வைத்தாள். நான் 2 ஸ்பேடு. அவள் பாஸ். அந்தக் குட்டி ஸ்பேடுகள் வெட்டுவதற்கு உதவின. ஏழு டிரிக் எடுத்தேன், ஒன்று குறைவு, 50 புள்ளி நஷ்டம். மற்ற மேஜைகளில் அதே கையில் 150 போனது. அந்தக் கையில் அறையிலேயே எங்களுக்குத்தான் முதல் மார்க்கு.

அட்டையை வைத்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் முயன்றேன். கெட்டி வளையல் இருந்த இடத்திலேயே இருந்தது.